வடிவுக்கு ஒரு பை

யாருக்கு என்ன பரிசு கொடுப்பது என்று மண்டை காய்ந்து போனவர்கள் கடைசியில் தையல் டீச்சர் அடைக்கலமேரியிடம்தான் வந்து நிற்பார்கள். கொடைக்கானலில் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அது பல வருஷத்து வழக்கம். மலையேறப் போகிறவர்கள், ஏரியில் படகு வலிக்கிறவர்கள், பறவை பார்க்கிறேன் என்று மரத்தடியில் கழுத்து வலிக்க நிற்கிறவர்கள் என்று வீட்டுக்குள் இருப்புக்கொள்ளாதவர்கள் அந்த ஊரில் ஏராளம். அவர்களுக்குப் பரிசு வாங்குவது லேசான காரியம் அல்ல. வேண்டியதெல்லாம் ஏற்கெனவே வைத்திருப்பார்கள். எது இல்லை என்பது அவர்களுக்கே தெரியாது.

அடைக்கலமேரிக்குத் தெரியும். மலையெல்லாம் சுற்றுகிற பூகோள டீச்சர் மாற்றலாகிப் போனபோது, வெள்ளிச் சட்டம் போட்ட போட்டோ கொடுக்கலாம் என்று எல்லாரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். இவள்தான், "மூணு ஜோடி கம்பளிக் காலுறை வாங்குங்க. அவங்க உறை எப்பவும் குதிகால்ல கிழிஞ்சிருக்கும்" என்றாள். பூகோள டீச்சர் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு அழுதே விட்டாள். செடிகளைப் படம் வரைகிற துரைசானிக்கு, மழையில் நோட்டு நனையாமலிருக்க மெழுகுத் துணியில் ஓர் உறை தைத்துக் கொடுத்தாள். "ஆளோட மூஞ்சியப் பாக்காதீங்க. அவங்க சாமான் எங்க தேஞ்சிருக்குன்னு பாருங்க" என்பது அவள் கேட்கிறவர்களுக்குச் சொல்லும் யோசனை.

இவ்வளவு தெரிந்தவளுக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என்ன வந்தது என்று கேளுங்கள். ஊசி டப்பா. தையல் டீச்சர்தானே, வேறு என்ன கொடுப்பார்கள்? ஒன்பது ஊசி டப்பாக்கள் அவள் அலமாரியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவளும் நடக்கிறவள்தான், அந்த ஊரில் அவள் கால் படாத ஒற்றையடிப்பாதை கிடையாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அதை யாரும் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளைக்காரர்கள் நடந்தால் அது பொழுதுபோக்கு. நாற்பத்துமூன்று வயதில் கல்யாணம் ஆகாத தமிழ்ப் பெண் நடந்தால், "பாவம், வீட்டில் யார் இருக்கிறார்கள்" என்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான்.

வீட்டில் யாரும் இல்லை என்பதும் உண்மைதான். சொந்த ஊர் கீழே அய்யம்பாளையம். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். திருச்சியில் ஒரு தம்பி, வருஷத்துக்கு ஒரு கடிதம். நாயுடுபுரத்தில் ஒரே ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு தையல் மிஷின். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மணி அடித்த பிறகு மாதா கோயில் பூசைக்குப் போய்வந்தும்கூட யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் திங்கட்கிழமை வரை இருந்துவிட முடியும் என்பதை அவள் ஒருமுறை கண்டுபிடித்தாள். அந்தத் திங்கட்கிழமை வகுப்பில் வாயைத் திறந்தபோது குரல் கட்டிப்போயிருந்தது. அதிலிருந்து சனி, ஞாயிறு வந்தால் அவளுக்குப் பயம்.

அந்தப் பயத்தைப் போக்கியவள் வடிவு. மலைச்சரிவில் கீழே இருக்கிற வெள்ளகவி கிராமத்துக்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகளும் ஒரு மாமியாரும் இருந்தார்கள். சனிக்கிழமை ஆரஞ்சும் எலுமிச்சையும் சுமந்து மலை ஏறி வந்து, நாயுடுபுரத்தில் அக்காள் சண்முகவள்ளி வீட்டில் தங்குவாள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்றுவிட்டு, ஊருக்கு வேண்டிய அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி இறங்குவாள். ஊர்க்காரர்கள் குதிரைகளோடு விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். சில்லறையாக விற்கிற வடிவுக்கு அது முடியாது. அவள் தனியாகத்தான் போவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அடைக்கலமேரி வட்டக்கானல் தாண்டி வெள்ளகவிப் பாதையில் சும்மா இறங்கிக்கொண்டிருந்தாள். பாதி வழியில் ஓடையோரம் ஒரு பெண் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"யம்மா, ஒரு கை குடுங்க. ஒரு மணி நேரமா ஆளுக்காகக் காத்துக் கெடக்கேன்."

தலைச்சுமைக்காரர்களின் பாடு அதுதான். கனத்த மூட்டையைத் தனியாகவே எப்படியாவது இறக்கிவிடலாம். தூக்கித் தலையில் வைக்க இன்னோர் ஆள் வேண்டும். அந்தப் பாதையில் இருந்த சுமைதாங்கிக் கல் ஒரு மழைக்காலத்தில் மண்ணோடு சரிந்து போயிருந்தது. மூன்று மணி நேரப் பாதையை இறக்காமல் கடக்கவும் முடியாது, இறக்கினால் ஏற்றவும் ஆள் கிடையாது. அடைக்கலமேரி குனிந்து ஒரு பக்கம் பிடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லித் தூக்கினார்கள். மூட்டை சும்மாட்டில் உட்கார்ந்ததும் வடிவின் முகம் மலர்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தை முனையில் வடிவு அவளுக்காகக் காத்திருந்தாள்.

மூன்று வருஷம் அப்படியே நடந்தது. வடிவின் வியாபாரம் ஒன்பது மணிக்கே முடிந்துவிடும். விடுதிப் பெண்களை இரண்டாம் பூசைக்கு அழைத்துப் போய்க் கொண்டுவந்து விட்டுவிட்டு அடைக்கலமேரி வரப் பதினொன்று ஆகும். அதுவரை வடிவு மூட்டை மேல் உட்கார்ந்திருப்பாள். பிறகு இருவரும் இறங்குவார்கள். பேச்சு பிள்ளைகளைப் பற்றி, காட்டுமாடு வந்ததைப் பற்றி, எலுமிச்சைக்குப் பிடித்த நோயைப் பற்றி. ஓடையோரம் மூட்டையை இறக்கி, ஆளுக்கொரு ஆரஞ்சு தின்று, திரும்பத் தூக்கிவைத்துவிட்டு அடைக்கலமேரி தனியாக மலையேறுவாள். அந்த வாரத்துக்கு அது போதும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் தையல் வகுப்பில் எதையாவது நினைத்துச் சிரித்துக்கொள்வாள்.

ஐம்பத்தெட்டில் கிறிஸ்துமஸுக்கு வடிவுக்கு ஏதாவது கொடுக்கவேண்டும் என்று தோன்றியது. தோன்றியதும் அவளுடைய பேர்போன புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. செருப்பா? வெள்ளகவியில் ஊருக்குள் யாரும் செருப்புப் போடமாட்டார்கள். வாங்கிக் கொடுத்தால் அதையும் சேர்த்துச் சுமப்பாள். பிளாஸ்க்? முதல் பாறையிலேயே உடையும். மழைக்கோட்டு? தலையில் மூட்டை இருக்கும்போது தொப்பியை எங்கே போடுவது? எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாள். கழுத்துதான். மூட்டையை இறக்கியதும் வடிவு இரண்டு கையாலும் பிடரியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடி நிற்பாள்.

மலையேறப் போகும் வெள்ளைக்கார டீச்சர்கள் தோளில் மாட்டிக்கொள்ளும் முதுகுப்பைகள் நினைவுக்கு வந்தன. அவ்வளவுதான். பள்ளி ஸ்டோர் ரூமில் கிடந்த கிழிந்த கூடாரத் துணியைக் கேட்டு வாங்கினாள். ஏரிக்கரைக் குதிரைக்காரரிடம் பழைய சேணத்து வார் இரண்டு வாங்கினாள். வடிவின் தோள் அகலத்தை அளக்க வேண்டியதே இல்லை, அது அவள் கண்ணில் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலம் நான்கு வாரமும் சாயங்காலங்களில் அதே வேலை. தோளில் படும் இடத்தில் உள்ளே கம்பளி வைத்துத் தைத்தாள். அடியில் இரட்டைத் துணி கொடுத்தாள். தன் வாழ்நாளில் அவள் தைத்ததிலேயே அதுதான் நல்ல தையல்.

கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓடையோரம் வைத்துக் கொடுத்தாள்.

"எதுக்கு டீச்சர் இது?"

"ஒன் கழுத்து நோகக்கூடாதுன்னுதான். திண்டு மேல வச்சு, முதுகைக் குடுத்துக் கைய நுழைச்சுக்கிட்டு எந்திரிச்சிரலாம். யாரும் தூக்கிவிட வேண்டாம்."

வடிவு பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையலை விரலால் தடவினாள். "ஒங்க கையால தச்சதா?" என்றாள். ஆமாம் என்றதும் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று அடைக்கலமேரி நினைத்துக்கொண்டாள். அரிசியும் உப்பும் பைக்குள் போயின. வடிவு ஒரு பாறையில் வைத்து மாட்டிக்கொண்டு, ஒருவர் கையும் படாமல் எழுந்து நின்றாள். நான்கு அடி நடந்து பார்த்தாள். "கழுத்து இருக்கறதே தெரியல டீச்சர்" என்றாள்.

யாரும் தூக்கிவிட வேண்டாம். தன் வாயாலேயே அதைச் சொன்னவளுக்கு அதன் அர்த்தம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத்தான் உறைத்தது. ஊருக்கெல்லாம் யோசனை சொன்ன புத்தி, தன் காரியத்தில் மட்டும் இப்படிக் காலை வாரிவிட்டது. சந்தை முனையில் வடிவு இல்லை. அவள் அக்காள் சண்முகவள்ளிதான் கீரைக்கட்டோடு எதிரே வந்தாள்.

"வடிவு ஒம்பது மணிக்கே போயிட்டா டீச்சர். இனி ஆளுக்காகக் காத்துக் கெடக்க வேண்டாம்ல? மத்தியானத்துக்குள்ள வீடு சேந்து பிள்ளைகளுக்குச் சோறாக்கிருவா. மவராசி, நீங்க செஞ்ச உபகாரத்த மறக்கவே மாட்டோம்."

அடைக்கலமேரி சிரித்து வைத்தாள். நல்லதுதானே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நல்லதுதான், யார் இல்லை என்றார்கள்? அவள் தனியாகவே ஓடை வரைக்கும் இறங்கினாள். மேகம் இறங்கிப் பாதையை மூடிக்கொண்டு வந்தது. ஆரஞ்சு கொண்டுபோயிருந்தாள், உரிக்கத் தோன்றவில்லை. திரும்பி ஏறும்போது அழுகை வந்தது, பாதையில் யாரும் இல்லாததால் சத்தம் போட்டே அழுதாள்.

அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். பூசைக்குப் போகும் வழியில் ஒருமுறை வடிவைத் தூரத்தில் பார்த்தாள். பையை மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் வீசிக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பெண் மாதிரி போய்க்கொண்டிருந்தாள். பின்னால் விடுதிப் பெண்கள் நாற்பது பேர், கூப்பிட முடியவில்லை. பை அவளுக்கு அத்தனை பொருத்தமாக இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு பக்கம் இழுக்கவில்லை. அந்தப் பொருத்தத்தைத்தான் அடைக்கலமேரியால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

மாசி பிறந்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். வடிவு நின்றுகொண்டிருந்தாள், கையில் பை.

"வாரு பிஞ்சுபோச்சு டீச்சர். ஏறி வாரயில பட்டுன்னு விட்டுருச்சு. நாளைக்கு இறங்கணும். வெரசாத் தச்சுத் தர முடியுமா?"

அடைக்கலமேரி வாங்கிப் பார்த்தாள். வார் அறுபடவில்லை, துணியோடு சேர்க்கும் இடத்தில் நூல்தான் விட்டிருந்தது. கால்மணி நேர வேலை. வடிவை உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு காப்பி போட்டுக் கொடுத்து, அவள் குடித்து முடிப்பதற்குள் கையில் கொடுத்துவிடலாம்.

"நாளைக்கு ஆகாது வடிவு. தடி ஊசி வேணும், கடைல சொல்லித்தான் வாங்கணும். அடுத்த வாரம் வாங்கிக்க" என்றாள்.

ஒன்பது ஊசி டப்பா வைத்திருப்பவள் சொன்ன பொய் அது. வடிவு தலையாட்டினாள். "அப்ப நாளைக்கு மூட்டதான். நீங்க வருவீங்களா?" என்று கேட்டாள். "வாரேன்" என்றாள் அடைக்கலமேரி. வடிவு தெருமுனை திரும்புவதற்குள் ஊசியில் நூலைக் கோத்துவிட்டாள். வெளிச்சம் மங்குவதற்குள் தைத்தும் முடித்துவிட்டாள். மடியில் பையை வைத்துக்கொண்டு, தான் செய்த காரியத்தை நினைத்து வெட்கப்பட்டாள். வெட்கத்தோடு சந்தோஷமும் இருந்தது, அதை மறைப்பானேன்?

மறுநாள் பூசையில் அவள் நாவில் நற்கருணை நன்மை வாங்க எழுந்து போகவில்லை. பொய்யை வாய்க்குள் வைத்துக்கொண்டு எப்படிப் போவது? விடுதிப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பையை மடித்துச் சால்வைக்குள் வைத்திருந்தாள். கொடுத்துவிடுவதற்கா, மறைப்பதற்கா என்று அவளுக்கே தெளிவில்லை.

பதினொரு மணிக்குச் சந்தை முனையில் வடிவு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். பழையபடி இருவரும் இறங்கினார்கள். சின்னவனுக்குப் பல் விழுந்த கதை, மாமியார் கோழியோடு சண்டை போட்ட கதை. ஓடையோரம் மூட்டையை இறக்கியதும் வடிவு பிடரியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். இந்தத் தடவை வெகுநேரம் திறக்கவில்லை. இரண்டு மாதத்தில் பழக்கம் விட்டுப்போன கழுத்து, வலி பொறுக்கவில்லை. அடைக்கலமேரி வேறு பக்கம் பார்த்தாள்.

"ஒங்களுக்குத்தான் இன்னைக்குத் தொந்தரவாப் போச்சு" என்றாள் வடிவு.

"எனக்கென்ன தொந்தரவு?"

"இம்புட்டுத் தூரம் இறங்கி ஏறணும்ல. மூணு வருசம் எனக்காக அலைஞ்சீங்க. லீவு ஒரு நாளு, அன்னைக்கும் இந்த டீச்சரு எதுக்கு இப்பிடிக் கெடந்து அல்லாடணும்னு நெனப்பேன். ஆனா எனக்குக் கை வேணும்ல, அதான் வாயத் தொறக்கல. பொறவு நீங்களே பையத் தச்சுக் குடுத்தீங்க. சரி, டீச்சருக்கு அலுத்துப்போச்சு, இனிம வரலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வரல, அதான் சாமானாக் குடுத்துட்டாகன்னு புரிஞ்சுக்கிட்டேன். குத்தமாச் சொல்லல டீச்சர். வேற ஆளுன்னா அதுகூடச் செய்யாம நின்னுருப்பாக."

நான்கு வாரம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைத்த தையல் ஒவ்வொன்றும், இனி வரமாட்டேன், இனி வரமாட்டேன் என்று வடிவின் முதுகில் சொல்லிக்கொண்டே போயிருக்கிறது.

"அலுக்கல வடிவு. எனக்கு அலுக்கவே இல்ல."

"பொறவு?"

"நீ இல்லாம இருந்தாலும் நான் இந்தப் பாதைல நடக்கிறவதான். மொத நாள் நீ என்னைப் பாத்தப்பவும் சும்மாதான் நடந்துக்கிட்டிருந்தேன்."

"சும்மாவா?" வடிவுக்கு நம்பிக்கை வரவில்லை. "ஒரு சோலியும் இல்லாம யாராச்சும் மலையில நடப்பாகளா? கீழ ஏதோ நேத்திக்கடன்னு நெனச்சேன்."

"நேத்திக்கடன் ஒண்ணுமில்ல. நடக்கப் பிடிக்கும். ஒன்கூட நடந்த பெறகு தனியா நடக்கப் பிடிக்கல." அடைக்கலமேரி சால்வைக்குள்ளிருந்து பையை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். "நேத்து நீ போன கையோட தச்சு முடிச்சுட்டேன். ஊசி இல்லன்னது பொய். இன்னைக்கு ஒரு நாளாவது எனக்காகக் காத்திருப்பன்னுதான் சொன்னேன். எனக்குப் பேச வேற ஆளில்ல வடிவு."

சொல்லிவிட்டாள். இதைவிடக் கேவலமாக ஒருத்தி இன்னொருத்தி முன்னால் நிற்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. வடிவு பையைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். தன் பிடரியை ஒருமுறை தடவிக்கொண்டாள். பிறகு மூட்டையை அவிழ்த்து, அரிசியை அடியில் வைத்து, உப்பை மேலே வைத்து, மண்ணெண்ணெய் டின்னை ஓரமாகச் செருகினாள். கோபமா, இரக்கமா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பையைப் பாறை மேல் தூக்கி வைத்து, முதுகைக் கொடுத்து, கைகளை நுழைத்து எழுந்து நின்றாள். கீழே பிள்ளைகள் பசியோடு இருக்கும், அவள் போகவேண்டியவள்தான். இனிமேல் சந்தை முனைப் பக்கமே போகக்கூடாது என்று அடைக்கலமேரி முடிவு செய்துகொண்டாள்.

வடிவு இரண்டு அடி இறங்கினாள். நின்றாள். திரும்பாமலே சொன்னாள்.

"டீச்சர், இந்த வாரு முறுக்கிக்கிட்டுக் கெடக்கு. கொஞ்சம் வந்து சரிபண்ணி விடுங்க."

அடைக்கலமேரி இறங்கிப் போய்ப் பார்த்தாள். வார் நேராகத்தான் இருந்தது. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாகச் சரிசெய்துவிட்டாள்.